பேட்டரியின் மேல் எழுதியிருப்பதும் அதன் பொருளும்

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ வீட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்கப் போகிறவரிடம் கடைக்காரர் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை ஃபேன், எத்தனை லைட் அண்ணாச்சி?" நாம் எண்ணிச் சொல்லி முடிப்பதற்குள் தீர்ப்பும் வந்துவிடும். "ஒன் ஃபிஃப்டி போட்டுருங்க. நாலஞ்சு மணி நேரம் தாராளமா நிக்கும்." பதினைந்தாயிரம் ரூபாய் பக்கம் வரும் ஒரு பொருளின் அளவு இப்படி அரை நிமிடத்தில் முடிவாகிறது.

கடைக்காரர் சொல்லும் அந்த நாலஞ்சு மணி நேரம் பேட்டரியின் மேல் எங்கும் அச்சாகவில்லை. நம் வீட்டில் எத்தனை மணி நேரம் வரும் என்று நாமே கணக்குப் போடத் தேவையான விவரம் மட்டும் அதில் இருக்கிறது, சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில். ஆண்டாள் பிறந்த ஊரில் திருப்பாவையின் முப்பது பாட்டுக்கும் மார்கழி முழுக்கச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் சொல்கிறார்கள். நாலைந்து வரி உள்ள இந்த லேபிளுக்கும் அந்தப் பொறுமையில் கொஞ்சம் வேண்டும். லேபிளைத் தொடுவதற்கு முன் இன்னொரு மூலம் இருக்கிறது. நமக்கு எவ்வளவு பேட்டரி தேவை என்பதை முடிவு செய்வது அதுதான்.

மூலம்: "மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாக நாளை காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின் விநியோகம் இருக்காது."

நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் துணை மின் நிலையத்தின் பெயரும் தெருப் பெயர்களுமாக வரும் அறிவிப்பு இது. ஊர்ப் பேச்சில் ஷட்டவுன். அன்றைக்குக் கம்பிமேல் படும் மரக்கிளைகளை வெட்டுவார்கள், பழுதான இன்சுலேட்டரை மாற்றுவார்கள், டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயையும் பிரேக்கரையும் பார்ப்பார்கள். மலையடிவாரத்து ஊர்களில் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கிளை உரசிக் கரண்ட் போவது குறைகிறதென்றால் அதற்கு இந்த வேலையும் காரணம்.

இதில் மூன்று சொற்களைக் கவனிக்க வேண்டும். 'காலை 9 முதல் மாலை 5' என்றால் தொடர்ச்சியாக எட்டு மணி நேரம், அதுவும் பகலில். விளக்கு அதிகம் எரியாது, ஃபேன் ஓடியே ஆக வேண்டும். வேலை முடிந்து சில நாள் இரண்டு மணிக்கே கரண்ட் வந்துவிடும். ஆனால் அதை நம்பி அளவைக் குறைக்கக் கூடாது. 'நாளை' என்றால் முன்கூட்டியே தெரியும், அதனால் பேட்டரி முழுச் சார்ஜில்தான் அந்தக் காலையைத் தொடங்கும். 'மாதாந்திர' என்றால் பேட்டரி ஆழமாக இறங்குவது மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான். மற்ற நாளெல்லாம் அது சும்மா சார்ஜில் நிற்கிறது. இந்த இரண்டு ஊர்களின் வீட்டு பேட்டரி உழைத்துச் சாவது குறைவு. வெக்கையிலும் தண்ணீர் வற்றியும் சாவதே அதிகம். இதைப் பின்னால் 27 டிகிரி என்ற சொல்லில் பார்க்கலாம்.

2012-இல் இதே ஊர்களின் நிலைமை முற்றிலும் வேறு. மாநிலத்துக்குச் சுமார் 4,000 மெகாவாட் பற்றாக்குறை. சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு, மற்ற மாவட்டங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல். காற்றாலைக் காலம் முடிந்த பிறகு இன்னும் மோசம். ஒரு மணி நேரம் இருந்தால் அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. அந்த நாட்களில் பேக்கப் போதவில்லை என்று இரண்டாவது பேட்டரி வாங்கிச் சேர்த்தவர்கள் பலர். அது பலன் தரவில்லை என்பதை இப்போதாவது விளங்கிக்கொள்ள வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் சார்ஜ் ஏற்றுவது சாதாரணமாக 10 முதல் 15 ஆம்பியர். இறங்கிப்போன 150 ஏஎச் பேட்டரியை அது மறுபடி நிரப்பப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து போகும் கரண்டில் பேட்டரி பெரிதாக இருந்து என்ன பயன்? எடுத்தது திரும்பி ஏறவே இல்லை. அரைகுறைச் சார்ஜில் நாட்கணக்கில் கிடந்த ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகி, புது பேட்டரி ஒரே வருடத்தில் கெட்டது. அளவு என்று பேசும்போது எவ்வளவு எடுக்கலாம் என்பதோடு, எடுத்ததைத் திரும்ப நிரப்ப நேரம் இருக்கிறதா என்பதும் சேர்ந்ததுதான். இன்றைய ஷட்டவுனில் அந்த நேரம் இருக்கிறது. மாலை ஐந்துக்குக் கரண்ட் வந்தால் விடிவதற்குள் நிரம்பிவிடும்.

இனி லேபிள்.

மூலம்: "12 வோல்ட்"

இரண்டு வோல்ட் செல் ஆறு, வரிசையாக. பெரிய இன்வெர்ட்டர் 24 வோல்ட் கேட்கும். அப்போது இரண்டு பேட்டரியைத் தொடராக இணைக்க வேண்டும். அந்த இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே மாதத்தில் வாங்கியவையாக இருக்கட்டும். பழசோடு புதுசைச் சேர்த்தால் பழசு முதலில் இறங்கிப் புதுசையும் சேர்த்துக் கெடுக்கும்.

மூலம்: "150 ஏஎச், சி20-இல்"

லேபிளின் உயிர் இந்த வரியில்தான். ஊரே இதில் பாதியைத்தான் படிக்கிறது.

ஏஎச் என்பது ஆம்பியர்-அவர், அதாவது இத்தனை ஆம்பியர் வீதம் இத்தனை மணி நேரம். 12 வோல்ட்டால் 150-ஐப் பெருக்கினால் 1,800 வாட்-மணி. ஈபி கணக்கில் சொன்னால் 1.8 யூனிட். இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய, திரவத்தோடு 50 கிலோவைத் தாண்டும் அந்தப் பெட்டிக்குள் இருப்பது இரண்டு யூனிட்டுக்கும் குறைவு. அடுப்படி வேலைக்கும் மோட்டாருக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் இன்வெர்ட்டர் லைன் கொடுக்காதீர்கள் என்று எலக்ட்ரீஷியன் சொல்வதன் காரணம் இந்த ஒற்றை எண்ணில் இருக்கிறது.

இந்த 1,800-ஐ வீட்டு லோடால் வகுத்து மணி நேரம் சொல்வதே பொது வழக்கம். இரவு நேரத்து வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழைய ரக ஃபேன் இரண்டு, ஒன்று 75 வாட், ஆக 150. எல்இடி விளக்குகள் சேர்ந்து 60. டிவி 60. இணைய மோடம் 10. மொத்தம் 280 வாட். 1,800-ஐ 280-ஆல் வகுத்தால் ஆறே கால் மணி நேரத்துக்கு மேல் வருகிறது. கடைக்காரர் நாலஞ்சு என்று சொல்லும்போது தான் குறைத்தே சொல்வதாக அவரே மனப்பூர்வமாக நம்புகிறார்.

இப்போது 'சி20' என்ற சொல்லைப் படிப்போம். இந்த 150 ஏஎச் இருபது மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் மட்டுமே கிடைக்கும் என்பது அதன் பொருள். 150-ஐ 20-ஆல் வகுத்தால் 7.5 ஆம்பியர். அந்த வேகத்தில் எடுத்தால்தான் லேபிள் சொல்லும் 150. வேகம் கூடக்கூட, கிடைப்பது குறையும். வில்ஹெல்ம் பாய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் 1897-இலேயே இதைச் சூத்திரமாக எழுதிவிட்டார். ஈயத் தகட்டின் உள்நுண்துளைகளுக்குள் அமிலம் ஊறிச் செல்ல நேரம் வேண்டும். அவசரமாக இழுத்தால் தகட்டின் மேற்பரப்பு மட்டும் வேலை செய்து வோல்ட்டேஜ் விழுந்துவிடும், உள்ளே இருப்பது உள்ளேயே நின்றுவிடும். சி20-இல் 150 என்ற டியூபுலர் பேட்டரி, சி10-இல், அதாவது பத்து மணி நேரத்தில் எடுத்தால், சுமார் 125-தான் தரும். மூன்று மணி நேரத்தில் எடுத்தால் 90 பக்கம் நிற்கும். கடையில் ஒரே விலைக்கு இரண்டு பேட்டரி இருந்து, ஒன்றில் '150, சி20' என்றும் மற்றதில் '150, சி10' என்றும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இரண்டாவதில்தான் சரக்கு அதிகம். எடையையும் கேளுங்கள். ஒரே ஏஎச் எழுதிய இரண்டில் கனமானதில் ஈயம் அதிகம் இருக்க வாய்ப்பு உண்டு.

அந்த 280 வாட் வீட்டுக்குத் திரும்புவோம். பேட்டரியின் நேர்மின்சாரத்தை மாற்றுமின்சாரமாக்குவதில் இன்வெர்ட்டர் கொஞ்சம் தின்னும். ஐந்தில் ஒரு பங்கு போகும் என்று வைத்தால் பேட்டரியிலிருந்து எடுப்பது 350 வாட். 12-ஆல் வகுத்தால் 29 ஆம்பியர். லேபிள் நினைத்துக்கொண்டிருக்கும் 7.5-ஐப் போல நான்கு மடங்கு. அந்த வேகத்தில் கிடைக்கும் 90 ஏஎச்சை 29-ஆல் வகுத்தால் மூன்று மணி நேரம் சொச்சம். வகுத்துப் பார்த்ததில் ஆறேகால், வாயால் சொன்னது நாலஞ்சு, உண்மையில் மூன்று. இதுவும் புது பேட்டரிக்குத்தான். வயதாகி லேபிள் அளவில் 80 சதவீதத்துக்கு இறங்கினால் இன்னும் குறையும். யாரும் ஏமாற்றவில்லை. லேபிள் சொன்ன நிபந்தனையை நாம் வாசிக்கவில்லை.

இந்த வித்தியாசம் எங்கே வலிக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு நுரையீரல் பலவீனமான பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரைப் பார்க்க முடிகிறது. ஐந்து லிட்டர் இயந்திரம் ஒன்று 350 வாட் வரை எடுக்கும். அதே ஒன் ஃபிஃப்டியில் அது இரண்டரை மணி நேரம்கூட ஓடாது. எட்டு மணி நேர ஷட்டவுனில் அந்த வீடு பதினொன்றரை மணிக்கே கைவிடப்படும். அப்படிப்பட்ட வீட்டில் 'நாலஞ்சு மணி நேரம்' என்ற வாய்ச்சொல்லை நம்பவே கூடாது. இந்தக் கணக்கைத் தாளில் போட்டு, அதற்கு மேல் நிரப்பிய சிலிண்டர் ஒன்றையும் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.

இனி ஷட்டவுன் பகலுக்கான அளவு. இரண்டு பழைய ஃபேன் 150 வாட், மோடமும் செல்போன் சார்ஜும் 20, ஆக 170. இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் 212 வாட், சுமார் 17.7 ஆம்பியர். எட்டு மணி நேரத்துக்கு 142 ஏஎச். '150 இருக்கிறதே, போதுமே' என்று தோன்றும். ஆனால் எட்டு மணி நேர வேகத்தில் இந்த பேட்டரி தருவது 120-க்குக் கீழே. ஃபேன் மூன்று மணி சுமாருக்கு நின்றுவிடும், வெயில் இன்னும் தாழாத நேரத்தில். மாலை ஐந்து வரை ஓட வேண்டும், பேட்டரி வயதான பிறகும் ஓட வேண்டும் என்று கணக்கிட்டால் லேபிளில் 225 ஏஎச் வேண்டும். அதாவது இரண்டு பேட்டரி, அதற்கேற்ற 24 வோல்ட் இன்வெர்ட்டர்.

இங்கேதான் கடையை விட்டுக் கொஞ்சம் விலகி வீட்டு விட்டத்தை நிமிர்ந்து பார்க்கச் சொல்கிறேன். அந்த இரண்டு ஃபேனையும் கழற்றி பிஎல்டிசி ஃபேன் மாட்டினால் ஒன்று 30 வாட் பக்கம். லோடு 170-லிருந்து 80-க்கு இறங்கும். பேட்டரியிலிருந்து எடுப்பது 8.3 ஆம்பியர். லேபிள் சொன்ன 7.5-க்கு வெகு அருகில் வந்துவிட்டோம், அதனால் லேபிளில் உள்ளதில் பெரும்பகுதி கைக்குக் கிடைக்கும். எட்டு மணி நேரத்துக்கு 67 ஏஎச். ஒரே ஒரு 150 ஏஎச் பேட்டரியில் பாதிகூடச் செலவாகாது. பாதிக்கு மேல் இறங்காத ஈய பேட்டரி நீண்ட நாள் உழைக்கும். இரண்டு பிஎல்டிசி ஃபேன் வாங்கும் காசு இரண்டாவது பேட்டரியின் விலையில் பாதியைத் தொடாது. தவிர, கரண்ட் இருக்கும் நாளிலும் அது ஈபி பில்லைக் குறைத்துக்கொண்டே இருக்கும். சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை 2023 ஜனவரி முதல் கட்டாயம். பெட்டியிலேயே வாட் அச்சாகியிருக்கும், பார்த்து வாங்கலாம். பேட்டரி அளவு பற்றிக் கேட்பவருக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் ஃபேனை மாற்றுங்கள், பிறகு பேட்டரியைக் கணக்கிடுங்கள்.

பக்கத்தில் இருக்கும் இன்வெர்ட்டர் பெட்டியில் '900 விஏ' என்று எழுதியிருக்குமே, அது நேரத்தைச் சொல்வதல்ல. ஒரே சமயத்தில் எவ்வளவு தாங்கும் என்பது மட்டும். வாட்டில் 700 சுமார். 900-ஐ 1,100 ஆக்கினால் கூடுதல் நேரம் வரும் என்று நினைத்துப் பணம் கொடுக்க வேண்டாம். சைன் வேவ் என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், ஃபேனில் இரைச்சல் இருக்காது.

மூலம்: "27 டிகிரி செல்சியஸில்"

இந்தியத் தர நிர்ணயம் பேட்டரியைச் சோதிக்க எடுத்துக்கொண்ட வெப்பநிலை இது. சித்திரை, வைகாசியில் ராஜபாளையத்துப் பகல் இதற்கும் பத்து டிகிரி மேலே நிற்கும். வெக்கையில் பேட்டரி கொஞ்சம் கூடுதலாகவே கரண்ட் தரும், அதைக் கண்டு மகிழக் கூடாது. பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது ஈய பேட்டரித் தொழிலில் பொதுவாக ஏற்ற கணக்கு. உள்ளே தகட்டின் அரிப்பும் தண்ணீர் ஆவியாவதும் வேகமெடுக்கும். மாடியில் தகரக் கூரை அடியிலும் மேற்குச் சுவரை ஒட்டியும் பேட்டரி வைப்பவர்கள் ஐந்து வருடப் பொருளை மூன்று வருடத்தில் மாற்றுகிறார்கள். மாடிப்படிக்குக் கீழே, வெயில் படாமல், காற்றோட்டத்தோடு வைக்கலாம். பூஜை அறையில் வேண்டவே வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும், விளக்குச் சுடர் பக்கத்தில் இருக்கக் கூடாது.

மூலம்: "முடிவு வோல்ட்டேஜ் 10.5"

இதற்குக் கீழே எடுக்காதே என்பது பொருள். நல்ல இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தித் தானே நின்றுவிடும். கத்திய பிறகு ஆஃப் செய்து ஆன் செய்து இன்னும் பத்து நிமிடம் ஓட்டுவது பேட்டரியின் ஆயுளிலிருந்து வாங்கும் கடன்.

மூலம்: "டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றவும்"

'மட்டும்' என்ற சொல்லை அழுத்திப் படிக்க வேண்டும். ராஜபாளையத்து முடங்கியாற்றுத் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியாக இருந்தாலும் அதில் உப்பும் இரும்பும் கரைந்திருக்கும், தகட்டுக்கு அது விஷம். கேன் தண்ணீரும் ஆர்ஓ தண்ணீரும் அப்படியே. அமிலத்தை நாம் ஊற்றவே கூடாது. ஆவியாவது தண்ணீர்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது. மிதவைக் குச்சி சிவப்பைக் காட்டும்வரை காத்திராமல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, கோடையில் மாதம் ஒருமுறை பாருங்கள். ஷட்டவுன் அறிவிப்பு வரும் நாளையே அதற்கு நாளாக வைத்துக்கொள்ளலாம்.

மூலம்: "உத்தரவாதம் 36 + 24 மாதம்"

கூட்டி அறுபது என்று படிப்பது தவறு. முதல் 36 மாதத்தில் கெட்டால் இலவசமாக மாற்றித் தருவார்கள். அடுத்த 24 மாதத்தில் கெட்டால் புது பேட்டரியின் அச்சிட்ட விலையில் ஒரு தள்ளுபடி, அவ்வளவுதான். பல சமயம் கடையில் எல்லோருக்கும் கிடைக்கும் விலைக்கும் அந்தத் தள்ளுபடி விலைக்கும் அதிக வித்தியாசம் இருக்காது. ஆகவே ஒப்பிடும்போது முதல் எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். உற்பத்தி மாதத்தையும் பாருங்கள். ஆறு மாதம் கடையில் சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரி பாதி வயதானது போலத்தான்.

லேபிளில் இல்லாத இரண்டைச் சொல்லிவிடுகிறேன். லித்தியம் பேட்டரி வாங்குகிறவருக்கு மேலே சொன்ன வேகக் கணக்குப் பெரும்பாலும் இல்லை. 100 ஏஎச் என்றால் ஏறக்குறைய அத்தனையும் கிடைக்கும், தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை. விலை அதிகம், பழைய இன்வெர்ட்டரின் சார்ஜர் அதற்குப் பொருந்துமா என்று கேட்காமல் வாங்கக் கூடாது. மாடியில் சோலார் போட்டவர்கள் ஷட்டவுன் அன்று கவலையில்லை என்று நினைக்கிறார்கள். ஈபி லைனோடு இணைந்த சாதாரண சோலார், கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும்படியே அமைக்கப்படுகிறது. கம்பியில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக. பேட்டரி இல்லாமல் அது ஷட்டவுனுக்கு உதவாது.

மூலம்: குறுக்குக் கோடு போட்ட குப்பைத் தொட்டியின் படம், அதன் கீழே ஈயத்தின் குறியீடு

லேபிளின் கடைசி மூலையில் எழுத்தில்லாமல் இருக்கும் சொல் இது. இந்தப் பெட்டிக்குள் இருப்பதில் பெரும்பகுதி ஈயம். உடைத்து உருக்கினால் அதன் புகையும் தூசியும் மண்ணில் இறங்கி, அந்தத் தெருவில் விளையாடும் குழந்தைகளின் இரத்தத்தில் ஏறும், மூளை வளர்ச்சியைத் தடுக்கும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் வைக்கின்றன. நம் பங்கு சிறியது. பழைய இரும்புக்காரர் இருநூறு ரூபாய் கூடத் தருகிறார் என்று அவரிடம் தூக்கிக் கொடுக்காதீர்கள். புது பேட்டரி வாங்கும் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுத்து, பில்லில் அதை எழுதி வாங்குங்கள்.